மடிக்கணினியின் திரை ஏன் இருண்டது? உயர்துல்லிய வட்டுகளின் கதை

காசு கொடுத்து வாங்கிய வட்டு. காசு கொடுத்து வாங்கிய மடிக்கணினி. இரண்டிலும் ஒரே சின்னம் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் வட்டைச் செருகியதும் படத்துக்குப் பதிலாக, இதனை இயக்க முடியாது என்றோர் அறிவித்தல் தோன்றுகிறது. 2006ஆம் ஆண்டுக்குப் பின்னர் உலகின் பல நகரங்களில் பலர் கண்ட காட்சி இது. வட்டைத் துடைத்துப் பார்த்தார்கள், கணினியை நிறுத்தி மீண்டும் இயக்கினார்கள், கடைக்காரரிடம் முறையிட்டார்கள். பல வேளைகளில் வட்டிலும் பழுதில்லை, கணினியிலும் பழுதில்லை. அப்படித்தான் நடக்க வேண்டும் என்றே அவை வடிவமைக்கப்பட்டிருந்தன. இதனை விளங்கிக்கொள்வதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது.

பிலிப்ஸ், சொனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய இசை இறுவட்டு 1982இல் விற்பனைக்கு வந்தபோது அதில் பூட்டு எதுவும் இருக்கவில்லை. வீட்டுக் கணினியில் ஒரு முழு வட்டைப் பிரதி எடுக்கலாம் என்பது அந்நாளில் எவருக்கும் தோன்றாத எண்ணம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது சிறுபிள்ளைகளுக்கும் கைவந்த வேலையாயிற்று. இசைத்துறைக்கு நேர்ந்ததைக் கண்ட ஹொலிவூட் நிறுவனங்கள், பூட்டில்லாத வட்டில் இனித் தம் படங்கள் வெளிவரா என்று முடிவெடுத்தன.

அதன் விளைவாகவே டிவிடி பூட்டோடு பிறந்தது. அதற்கு முன்பே சொனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், தொஷிபாவும் வோர்னரும் மறுபக்கம் என இரு முகாம்கள் தத்தம் வட்டுகளோடு நின்றன. ஐபிஎம் முதலிய கணினி நிறுவனங்கள், இரண்டையும் ஏற்கமாட்டோம், ஒன்றாகுங்கள் என்று நெருக்கியதால் 1995இல் உடன்பாடு ஏற்பட்டது. 1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி விற்பனை தொடங்கியது. ஆனால் அதன் பூட்டு மூன்றே ஆண்டுகள்தான் நின்றது. லினக்ஸ் கணினியில் டிவிடி பார்க்க அனுமதி பெற்ற மென்பொருள் இல்லாத நிலையில், நோர்வே நாட்டுச் சிறுவன் ஜோன் லெக் ஜொஹான்சன் வேறு சிலரோடு சேர்ந்து அப்பூட்டைத் திறக்கும் மென்பொருளை 1999இல் வெளியிட்டார். அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003இல் நோர்வே நீதிமன்றங்கள் இருமுறையும் அவரை விடுதலை செய்தன. சட்டப்படி வாங்கிய வட்டை ஒருவர் பார்ப்பது குற்றமாகாது என்பதே அத்தீர்ப்புகளின் சாரம்.

ஹொலிவூட் அதிலிருந்து வேறொரு பாடத்தைக் கற்றது. அடுத்த பூட்டு உடைந்தாலும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே அப்பாடம்.

அடுத்த வட்டு சாத்தியமானதற்குக் காரணம் ஜப்பானின் ஷிகொக்கு தீவிலுள்ள நிச்சியா என்ற நிறுவனத்தில் நடந்த ஓர் ஆய்வு. அங்கு பணியாற்றிய ஷுஜி நகமுரா 1993இல் பிரகாசமான நீல ஒளியுமிழ் டயோட்டையும், தொடர்ந்து நீல லேசரையும் உருவாக்கினார். இப்பணிக்கு நிறுவனம் கொடுத்த சன்மானம் போதாதென்று அவர் வழக்காடி, 2005இல் 84 கோடி யென் பெற்று இணங்கினார். 2014இல் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ ஆகியோருடன் அவருக்குப் பௌதிகவியலுக்கான நொபெல் பரிசும் கிடைத்தது.

நீல ஒளிக்கு என்ன சிறப்பு? இறுவட்டைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நனோமீற்றர். டிவிடிக்கு 650. நீல ஊதா லேசருக்கோ 405. அலைநீளம் குறையக் குறைய ஒளிப்புள்ளியும் நுணுகும். கூரிய எழுத்தாணி கொண்டு எழுதினால் ஓலையில் அதிக வரிகள் கொள்ளுவது போன்றது இது. ஓர் அடுக்கில் 4.7 கிகாபைட் கொண்ட டிவிடியின் இடத்தில் 25 கிகாபைட் கொள்ளும் புளூ-ரே வந்தது. சொனி, பிலிப்ஸ் உள்ளிட்ட ஒன்பது நிறுவனங்கள் 2002 பெப்ரவரியில் இதனை அறிவித்தன. தொஷிபாவும் என்இசியும் அதே ஆண்டில் வேறு வழியை முன்வைத்தன. பின்னர் எச்டி டிவிடி எனப் பெயர் பெற்ற அவ்வட்டு ஓர் அடுக்கில் 15 கிகாபைட் மட்டுமே கொள்ளும். ஆனால் அதன் உடலமைப்பு டிவிடியை ஒத்திருந்ததால், பழைய தொழிற்சாலைகளிலேயே மலிவாகத் தயாரிக்க முடிந்தது.

1975இல் பீற்றாமக்ஸ் ஒளிநாடாவை வெளியிட்டு, அடுத்த ஆண்டு வந்த விஎச்எஸ்ஸிடம் தோற்றுப்போன வரலாறு சொனிக்கு மறந்திருக்காது. ஆனால் அந்நாள் சொனியிடம் திரைப்பட நிறுவனம் இருக்கவில்லை. 1989இல் கொலம்பியா பிக்சர்ஸை வாங்கிய சொனியிடம் இப்போது கருவியும் இருந்தது, படமும் இருந்தது. போதாக்குறைக்கு 2006 நவம்பரில் வந்த பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியின் உள்ளேயும் புளூ-ரே ஓட்டி ஒன்றை வைத்துவிட்டது.

சமர் 2006 வசந்தத்தில் தொடங்கியது. தொஷிபாவின் முதலாவது எச்டி டிவிடி கருவி அமெரிக்காவில் 499 டொலர். சில வாரங்கள் கழித்து வந்த சம்சுங் புளூ-ரே கருவி 999 டொலர். மடிக்கணினிகளும் அணி பிரிந்தன. தொஷிபாவின் கொஸ்மியோ எச்டி டிவிடியோடும், சொனியின் வயோ புளூ-ரேயோடும் அதே ஆண்டில் வந்தன. ஒன்றின் வட்டு மற்றதில் ஓடாது. 2007 ஓகஸ்டில் பரமவுண்ட் எச்டி டிவிடி பக்கம் சாய்ந்தது. 2008 ஜனவரி 4ஆந் திகதி வோர்னர் நிறுவனம் இனிப் புளூ-ரே மட்டுமே என்று அறிவித்ததும் தராசு தாழ்ந்தது. பெப்ரவரி 19ஆந் திகதி தொஷிபா களத்தை விட்டு விலகியது. கொஸ்மியோ வாங்கியவர்கள் கையில், புதுப் படங்கள் இனி வரப்போவதில்லை என்ற நிலையில் ஓர் இயந்திரம் எஞ்சியது.

வென்றவர்களின் பாடும் இலகுவாக இருக்கவில்லை. இரு முகாம்களும் படங்களைப் பூட்டும் விடயத்தில் மட்டும் ஒன்றுபட்டிருந்தன. டிஸ்னி, வோர்னர், சொனி, தொஷிபா, பனசொனிக், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசொஃப்ட் ஆகியவை சேர்ந்து உருவாக்கிய ஏஏசிஎஸ் என்ற பூட்டு இரு வகை வட்டுகளிலும் பயன்பட்டது. ஒவ்வொரு கருவிக்கும், ஒவ்வோர் இயக்கு மென்பொருளுக்கும் தனிச் சாவிகள் வழங்கப்பட்டன. ஒரு சாவி களவு போனால், அதன் பின்னர் அச்சாகும் வட்டுகள் அந்தச் சாவிக்குத் திறவா. அத்துடன், தள்ளிவைக்கப்பட்ட மென்பொருள்களின் பட்டியல் ஒன்றும் புதிய வட்டிலேயே வரும். கணினியின் ஓட்டி அதனைத் தன் நினைவில் பதித்துக்கொள்ளும்.

இது ஏட்டளவில் நிற்கவில்லை. 2006 டிசெம்பரில் புனைபெயர் கொண்ட ஒருவர் எச்டி டிவிடிப் பூட்டைத் திறக்கும் முறையை வெளியிட்டார். 2007 ஏப்ரலில், கணினிகளில் பரவலாக இருந்த வின்டிவிடி மென்பொருளின் சாவிகள் மாற்றப்பட்டன. அதனை உடனே புதுப்பிக்காதவர்களுக்கு வட்டுகள் ஓடா என்று பாவனையாளருக்கு அறிவிக்கப்பட்டது. எவரோ ஒருவர் பூட்டை உடைக்க, ஒழுங்காகக் காசு கொடுத்து வாங்கியவர்கள் கணினியைத் திருத்த வேண்டியதாயிற்று. 32 எழுத்தெண்கள் கொண்ட ஒரு சாவியை நீக்கும்படி சட்டவாளர்கள் இணையத்தளங்களுக்கு எழுத, அதனாலேயே அது உலகெங்கும் பரவிய கதையை அக்கால இணைய வாசகர்கள் அறிவர்.

இரண்டாவது பூட்டு கணினிக்கும் திரைக்கும் இடையிலான கம்பியில் இருந்தது. இன்டெல் வடிவமைத்த எச்டிசிபி என்ற இந்த ஏற்பாட்டின்படி, மறுமுனையிலுள்ள திரை தன்னை அடையாளங் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் படம் வராது. மடிக்கணினியின் சொந்தத் திரையில் நன்றாக ஓடும் படம், தொலைக்காட்சியையோ ஒளியெறி கருவியையோ இணைத்ததும் மறைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். பழைய விஜிஏ கம்பியென்றால், படத்தின் துல்லியத்தை 960க்கு 540 ஆக, அதாவது காற்பங்காகக் குறைக்கும் அதிகாரமும் திரைப்பட நிறுவனங்களுக்கு அளிக்கப்பட்டிருந்தது. எச்டிசிபியின் மூலச்சாவி 2010 செப்டெம்பரில் வெளியாயிற்று. ஆயினும் பூட்டு கழற்றப்படவில்லை.

மூன்றாவது பூட்டு எம்மவர்களுக்கு நன்கு பழக்கமானது. புளூ-ரே உலகை மூன்று பிரதேசங்களாக்கியது. ரொரன்ரோவும் சிங்கப்பூரும் கோலாலம்பூரும் ஏ. இலண்டன், பாரிஸ், சிட்னி பி. யாழ்ப்பாணம், கொழும்பு, சென்னை சி. பல வட்டுகள் எல்லாப் பிரதேசங்களுக்கும் பொதுவாக வெளிவந்தன என்பது உண்மைதான். ஆனால் குறியிடப்பட்ட வட்டொன்றை ரொரன்ரோவிலிருக்கும் அண்ணன் இலண்டனிலிருக்கும் தங்கைக்கு அனுப்பினால், அங்கு வாங்கிய மடிக்கணினி அதனை ஏற்காது. மென்பொருளில் பிரதேசத்தை மாற்றலாம். எனினும் சில தடவைகள் மட்டுமே. டிவிடி ஓட்டிகளில் ஐந்து மாற்றங்களின் பின்னர் அது நிரந்தரமாக இறுகிவிடும். நான்கு கண்டங்களில் சிதறி வாழும் குடும்பங்களை இத்திட்டத்தை வகுத்தவர்கள் கருத்திற் கொண்டிருக்கவில்லை.

பூட்டுகளுக்கு அப்பால் கணினியின் வலுவும் ஒரு பிரச்சினையாக இருந்தது. ஐரோப்பிய டிவிடிப் படத்தைவிட உயர்துல்லியப் படத்தில் ஐந்து மடங்கு புள்ளிகள் உண்டு. வினாடிக்கு 40 மெகாபிற் வரை பாயும் அத்தரவை விரித்துக் காட்ட 2006ஆம் ஆண்டுச் செயலிகள் மூச்சு வாங்கின. படம் திக்கித் திக்கி ஓடியது, ஒலி முந்தியது. வரைகலைச் சில்லுகள் அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய பின்னரே நிலைமை சீரானது.

இவற்றை அறிந்தவருக்குப் பழுது தேடும் ஒழுங்கும் தெளிவாகும். முதலில் ஓட்டி நீல லேசர் கொண்டதா என்று பார்க்க வேண்டும். டிவிடி ஓட்டி எந்த மென்பொருளாலும் புளூ-ரேயைப் படிக்காது. அடுத்து வட்டின் முகம். புளூ-ரேயின் தரவு மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்திலேயே இருக்கிறது. விரல் ரேகையை மென்துணியால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். பழைய வட்டு ஓடிப் புதியது ஓடாவிட்டால் மென்பொருளின் சாவி காலாவதியாகியிருக்கும். வெளித்திரையைக் கழற்றியதும் படம் வந்தால் குற்றம் கம்பியிலோ அத்திரையிலோ உள்ளது. படம் வந்தும் திக்கினால், வரைகலைச் சில்லின் உதவி மென்பொருளில் இயக்கப்பட்டிருக்கிறதா என்றும், கணினி மின்கலச் சிக்கன நிலையில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விண்டோஸ் எந்தப் பதிப்பிலும் புளூ-ரேப் படங்களை இயக்கும் வசதியைத் தானாகக் கொண்டிருந்ததில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் நன்று. அப்பிளின் ஸ்ரீவ் ஜொப்ஸ் 2008 ஒக்ரோபரில், புளூ-ரேயின் உரிமச் சிக்கல்களை வேதனை நிறைந்த மூட்டை என்று வர்ணித்து ஒதுக்கினார். அப்பிள் கணினிகளில் அந்த ஓட்டி ஒருபோதும் பொருத்தப்படவில்லை.

இக்கதையின் கடைசி அத்தியாயமே மிகவும் கசப்பானது. 2016இல் வந்த 4கே புளூ-ரே வட்டுகளைக் கணினியில் முறைப்படி பார்ப்பதற்கு, இன்டெல் செயலிகளுக்குள் இருந்த எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு அறை கட்டாயமாக்கப்பட்டது. ஆய்வாளர்கள் அவ்வறையில் அடுத்தடுத்து ஓட்டைகளைக் கண்டார்கள். இன்டெல் தன் 11ஆம், 12ஆம் தலைமுறை வீட்டுக் கணினிச் செயலிகளிலிருந்து அதனைக் கைவிட்டது. ஆகவே பழைய கணினியில் ஓடிய வட்டு, அதைவிடப் பன்மடங்கு வலுவான புதிய கணினியில் உரிமம் பெற்ற மென்பொருளைக் கொண்டு ஓடாது. கருவி முன்னேற, பார்க்கும் உரிமை பின்னேறிய விந்தை இது.

சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது அவர் முன் இருந்தவை, முன்னோர் பிரதி செய்து பிரதி செய்து காத்த ஏடுகள். ஏட்டுக்குப் பகை செல்லும் ஈரமும் மட்டுமே. எழுத்தறிந்த எவரும் அதனைப் படிக்கலாம், படியெடுக்கலாம். எமது காலத்தின் வட்டுகளுக்கோ, அழியாதிருந்தாலும் திறவுகோல் வேறொருவர் கையில் இருக்கிறது. அவர் கடையை மூடினால் வட்டும் மூடிக்கொள்ளும். எல்ஜி நிறுவனம் 2024இல் புளூ-ரேக் கருவித் தயாரிப்பிலிருந்து விலகியது. 2025 பெப்ரவரியில் சொனி, பதிவு செய்யத்தக்க புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது.

திருமணம், அரங்கேற்றம், பெற்றோரின் குரல் என்று குடும்பத்தார் தாமே பதிவு செய்த வட்டுகளில் இத்தகைய பூட்டுகள் பொதுவாக இருப்பதில்லை. அவற்றைப் படிக்கும் ஓட்டிகள் அருகிப்போவதற்கு முன்னர் வேறிடத்துக்குப் படியெடுத்து, ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ள இப்போதும் காலம் இருக்கிறது. ஏடு காத்தவர்கள் செய்ததும் அதுவே.