விரும்பிக் கட்டுதல்: சம்மதம், மூச்சு, லயன் அறை

வயது வந்த இருவர், இருவரும் விரும்பி, ஒருவர் மற்றவரின் உடலைத் துணியாலோ பொலித்தீன் தாளாலோ சுற்றிக் கட்டுவது பாலுறவு வழக்கங்களில் ஒன்று. ‘பொண்டேஜ்’ என்பார்கள். கைத்தொலைபேசியில் இணையம் வரும் இடமெல்லாம் இந்தக் காட்சிகளும் வருகின்றன. ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்கள் விதிவிலக்கல்ல. ஆனால் அந்தக் காட்சிகளுக்கு முன்னால் நடக்க வேண்டிய பேச்சு அவற்றில் இருப்பதில்லை.

மௌனம் சம்மதம் என்று நம்மிடம் ஒரு சொல் உண்டு. இந்த விடயத்தில் அது மிக ஆபத்தான சொல். 1977லும் 1983லும் அடித்து விரட்டப்பட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்கள் பின்னர் போருக்குள்ளும் அகப்பட்டன. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தோட்ட இளைஞர்களும் கைதானார்கள். கை கட்டப்பட்ட நினைவுள்ள உடலுக்கு, டேப் கிழியும் ஓசையே போதும். அப்போது பலர் கத்துவதில்லை; உறைந்துபோய் அசையாமல் கிடப்பார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது இணக்கம் போலத் தெரியும். ஆகவே இந்தப் பழைய கதையை முதலில் கேளுங்கள். சொல்ல மனமில்லை என்றால் அதையே ‘வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்ளுங்கள், காரணம் கேட்காமல்.

நிறுத்துவதற்கு ஒரு சொல் பேசி வைத்திருக்க வேண்டும். சொல் வராத நேரத்துக்கு ஒரு சைகையும் வேண்டும்: கட்டப்படுபவர் கையில் ஒரு சாவிக்கொத்து இருக்கட்டும், அது விழுந்தால் எல்லாம் நின்றுவிட வேண்டும். லயன் அறையில் சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம். சத்தம் கேட்டுவிடும் என்று வாயை அடைக்கத் தோன்றும். அடைக்காதீர்கள். தனிமை கிடைக்காத வீட்டில் இதைத் தள்ளிவைப்பதே நல்லது என்பது என் கருத்து.

உடலில் முதல் கவலை நெஞ்சு. மூச்சை வெளியே விட்ட நேரத்தில் இறுக்கினால் அடுத்த மூச்சுக்கு விலா விரிய இடமிருக்காது. ஆழமாக இழுத்து வைத்திருக்கும்போதுதான் நெஞ்சைச் சுற்ற வேண்டும், அதுவும் தளர்வாக. கழுத்திலும் முகத்திலும் எதையும் சுற்றக் கூடாது. நின்றபடி கட்டினால் விழும்போது கையூன்ற முடியாது, படுக்கையில் மட்டும். குப்புறப் படுக்க வைக்கக் கூடாது. ஆஸ்துமா, இதயநோய், வலிப்பு, கர்ப்பம் இருந்தால் வேண்டாம். குடித்திருந்தால் இருவருக்குமே வேண்டாம்.

பொலித்தீன் வியர்வையை உலர விடாது. இடுப்பில் படங்கு கட்டி வெயிலில் கொழுந்து எடுத்தவர்களுக்கு அந்தப் புழுக்கம் தெரியும். உடல் முழுவதும் அப்படியென்றால் விரைவிலேயே தலை சுற்றும், குமட்டும். முதல் தடவை பத்து நிமிடம் போதும். அவிழ்த்ததும் நேர்மாறான தொல்லை: நனைந்த உடல், 1,800 மீற்றருக்கு மேலே நுவரெலியாவின் இரவுக் குளிர். உலர்ந்த துணி, கம்பளி, தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். குளிருக்காக மூடிய அறையில் கரி மூட்டினால் கார்பன் மொனொக்சைட்டு சேரும். குப்பி விளக்கின் அருகில் பொலித்தீன் உருகித் தோலில் ஒட்டும்.

முழங்கையின் உட்பக்கம், மேற்கையின் வெளிப்பக்கம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஆகிய இடங்களில் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுகிறது. அங்கே இறுக்கினால் கையோ பாதமோ தூக்க முடியாமல் வாரக்கணக்கில் தொங்கிப்போகலாம். மரத்துப்போனாலோ ஊசி குத்துவதுபோல் இருந்தாலோ உடனே வெட்டுங்கள். அதற்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் வேண்டும். முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்க அப்போது நேரமிருக்காது. யார் கதவைத் தட்டினாலும் கட்டுண்டவரைத் தனியே விட்டுப் போகக் கூடாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, இலங்கையில் பெண்ணின் சம்மத வயது 16. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவு, மிரட்டிப் பெற்ற சம்மதத்தைச் சம்மதமாக ஏற்பதில்லை. எதிர்த்த காயம் உடலில் இருக்க வேண்டும் என்றும் கேட்பதில்லை. ஆனால் நீதிமன்றத்தால் பிரிந்து வாழும் மனைவியைத் தவிர, மனைவி மீதான கணவனின் வன்புணர்வை அது குற்றமாகக் கொள்ளவில்லை. இந்த ஓட்டை, ‘விளையாட்டு’ என்ற பெயரில் நடக்கும் வன்முறைக்கு நல்ல மறைவிடம். அப்படிச் சிக்கிய மனைவிக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவரும் கோரலாம். ஒருபால் இணையருக்கு நிலைமை வேறு: 365ஏ பிரிவு இன்னும் நீக்கப்படவில்லை, சம்மதம் அங்கே காப்பாகாது.

மகளிர் உதவிக்கு 1938ஐ அழைக்கலாம். மயக்கம், மூச்சுத்திணறல் என்றால் வெட்கத்தை விட்டு 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வைத்தியரிடம் ‘விழுந்துவிட்டார்’ என்று சொல்லாதீர்கள். எதனால் கட்டியது, எவ்வளவு நேரம் கட்டியிருந்தது என்று சொன்னால்தான் நரம்பையா சிறுநீரகத்தையா முதலில் பார்ப்பது என்று அவருக்குத் தெரியும்.