சுவர்த் தொலைபேசியின் உறுப்புகளும் வினைச்சொற்களும்

ஒரு கருவி வழக்கொழிந்த பின்னரும் அதனோடு பிறந்த வினைச்சொற்கள் மொழியில் நிலைபெறுவதுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுரங்கங்களிலும் இருப்புப்பாதை ஓரங்களிலும் பொருத்தப்பட்ட கைச்சுழற்சிச் சுவர்த் தொலைபேசி இதற்குத் தக்க சான்றாகும்.

வீட்டுச் சுவரில் அமைந்த கருவிக்கு மரப்பெட்டியே போதுமானதாயிருந்தது. திறந்தவெளிக் கருவிக்கோ மழை, ஈரம், புழுதி ஆகியவற்றைத் தடுக்க இரும்புப் பெட்டியும் இறுக மூடும் கதவும் வேண்டியிருந்தன. எனினும் உள்ளுறுப்புகள் பெரும்பாலும் ஒன்றே. கைப்பிடியைச் சுழற்றினால் குதிரைலாட வடிவக் காந்தங்களின் முனைகளுக்கிடையே கம்பிச்சுருள் சுழன்று, மறுமுனையில் மணியடிப்பதற்குரிய மாறுமின்னோட்டத்தைத் தரும். பேச்சுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பெட்டிக்குள் இருந்த உலர்மின்கலங்கள் அளித்தன. பேசுகுழலின் கரித்துகள்கள் ஒலிக்கேற்ப நெருங்கியும் தளர்ந்தும் மின்தடையை மாற்றின. அம்மாற்றத்தைத் தூண்டுசுருள் கம்பிவழிக்குக் கடத்தியது.

இவ்வுறுப்புகளுள் மொழியியலார்க்கு முதன்மையானது கொக்கியே. கேள்குழலைத் தொங்கவிடும் இக்கொக்கி வெறும் தாங்கியன்று, மின்சுற்றின் விசையுமாகும். கேள்குழலின் எடையால் அது கீழிறங்கும்போது பேச்சுச் சுற்று துண்டிக்கப்படும். மாட்ட மறந்தால் மின்கலங்கள் வீணே தீர்ந்துபோகும். எனவே, மாட்டுதல் என்னும் செயலே பேச்சை முடித்தலாயிற்று.

ஆங்கிலத்தின் 'ஹேங் அப்', ஸ்பானிய மொழியின் 'கோல்கார்' ஆகிய இரண்டும் தொங்கவிடுதலைக் குறிப்பன. பிரெஞ்சு மொழியின் 'ரக்ரோஷே' கொக்கியில் மீண்டும் மாட்டுதலைச் சுட்டும். செருமானிய மொழியின் 'அவுஃப்லேகன்' மேலே வைத்தலைச் சுட்டுவது. தமிழின் 'போனை வை' என்னும் வழக்கும் இவ்வகையினதே. பேச்சு முடிந்ததைத் தொலைபேசி நிலையத்தார்க்கு அறிவிக்கக் கைப்பிடியை மீண்டும் சுழற்றிய வழக்கத்திலிருந்தே ஆங்கிலத்தில் 'ரிங் ஆஃப்' என்னும் தொடர் தோன்றியது. இதனை 'மணியடித்தல்' என மொழிபெயர்த்தால் பொருள் தலைகீழாகும். உரையாடலின் முடிவு, தொடக்கமாகத் தோன்றும்.

ஆகவே மொழிபெயர்ப்பாளர் கதை நிகழும் காலத்தையும் கருவியின் அமைப்பையும் அறிதல் இன்றியமையாதது. சுவர்க்கருவி இடம்பெறும் கதையில் 'கேள்குழலைக் கொக்கியில் மாட்டினான்' என்பதே செயலைக் காட்டும். மேசைக்கருவிக்கு 'வைத்தான்' பொருந்தும். கொக்கியும் தாங்கியும் அற்ற கைப்பேசிக்கு 'இணைப்பைத் துண்டித்தான்' எனலாம். ஆயினும் பேச்சுவழக்கு இன்றும் 'வைத்துவிட்டான்' என்றே கூறுகிறது. வைப்பதற்கு இடமில்லாத கருவியிலும் வினை தொடர்வது, சொல் தன் பழைய உறுப்பைத் துறந்து, முடித்தல் என்னும் பொருளை மட்டும் ஏற்றுக்கொண்டதைக் காட்டுகிறது.