மருத்துவ மாணவரும் விருப்பப் பயிற்சியும்

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் சில மாதங்களைத் தாமே தேர்ந்த துறைகளில் கழிக்கலாம். இதற்கு விருப்பப் பயிற்சி என்று பெயர். அப்பெயரிலுள்ள விருப்பம் நடைமுறையில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதை அறிய, நேயர்கள் என்னுடன் சற்றுப் பின்னோக்கி வர வேண்டும்.

பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. பட்டம் பெற்ற இளைஞர்களை மருத்துவமனையிலேயே வசிக்கச் செய்து, பல்லாண்டு பயிற்றும் முறையை வில்லியம் ஆஸ்லரும் அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெடும் அங்கே நிலைநாட்டினர். அங்கேயே உறைந்தமையால் அவர்கள் 'ரெஸிடென்ட்' எனப்பட்டனர். ஹால்ஸ்டெடின் முறை கோபுரம் போன்றது. அடியில் பலர் நுழைவர், உச்சியை எட்டுவோர் மிகச் சிலரே.

1940களில் நிலைமை தலைகீழாயிற்று. பட்டம் பெற்றவுடன் செய்யும் முதலாண்டுப் பயிற்சிக்கு, அதாவது நம் நாட்டு ஹவுஸ் சர்ஜன் பணியை ஒத்த பயிற்சிக்கு, இடங்கள் மிகுதி, மாணவர்கள் குறைவு. எனவே மருத்துவமனைகளே மாணவர்களைத் துரத்தின. தந்தியில் அழைப்பு வரும். உடனே விடை கூற வேண்டும். 1945இல் பத்து நாள் அவகாசம் தரப்பட்டது. 1949இலோ பன்னிரண்டு மணி நேரங்கூட மிகுதி என்று மருத்துவமனைகள் முறையிட்டன! இக்குழப்பத்தை நீக்க, இருதரப்பாரின் விருப்ப வரிசைகளையும் ஒப்பிட்டு இடம் ஒதுக்கும் தேசியப் பொருத்த முறை 1952இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் வகுத்த திட்டத்தில், எட்டாத இடத்தை வரிசையின் தலைப்பில் உண்மையாக எழுதிய மாணவருக்கு அதனாலேயே இழப்பு நேரக்கூடும். மாணவர்கள் எதிர்த்ததன் பேரில் அது திருத்தப்பட்டது.

கல்லூரிப் பாடத்திட்டமும் மாறத் தொடங்கியது. டியூக் பல்கலைக்கழகம் 1966இல் அடிப்படை விஞ்ஞானங்களை ஓராண்டில் முடித்து, இறுதி ஈராண்டுகளை மாணவரின் தேர்வுக்கே விட்டது. மாணவர் தம் நாட்டம் எதுவென்று தாமே கண்டறியட்டும் என்பதே கருத்து. நல்ல கருத்துத்தான்.

ஆனால் எலும்பு மருத்துவம், தோல் மருத்துவம், நரம்பு அறுவை போன்ற துறைகளில் இடங்களினும் விண்ணப்பங்கள் பெருகின. இத்துறைகளை நாடுவோர் வெளியூர் மருத்துவமனைகளில் நான்கு வாரம் பணியாற்றித் தம்மைக் காட்டிக்கொள்ளலாயினர். அங்குள்ள பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் செப்டம்பர் மாத விண்ணப்பத்துக்குள் கைக்கு வர வேண்டும். எனவே முதலில் சொந்தக் கல்லூரியிலும், அடுத்து வெளியூரில் இரண்டொரு இடங்களிலும் அதே துறையில் உழல்வர். விடுதிச் செலவு வேறு. எளிய குடும்பத்து மாணவருக்கு அது சிறு சுமையன்று. என் நோக்கில் பெரிய இழப்பு மற்றொன்று. எலும்பு மருத்துவராகப் போகிறவர் இதயநோய் வார்டில் நின்று பயில அதுவே ஏறத்தாழ இறுதி வாய்ப்பு. அதையே அவர் கைவிடுகிறார்.

2020இல் கோவிட் பரவியபோது, சொந்தக் கல்லூரியில் அத்துறைப் பயிற்சி இல்லாதவர் முதலிய சிலர் தவிரப் பிறர் வெளியூர்ப் பயிற்சிக்குச் செல்ல வேண்டாம் என மருத்துவக் கல்லூரிச் சங்கம் அறிவுறுத்தியது. அவ்வாண்டும் இடங்கள் ஒதுக்கப்பட்டன. இருந்தும் பின்னர்ப் பழைய வழக்கமே திரும்பியது. 2022 ஜனவரி முதல் உரிமத் தேர்வின் முதற்பகுதிக்கு மதிப்பெண் நீக்கப்பட்டு, தேர்ச்சி மட்டுமே அறிவிக்கப்படுகிறது. தம்மைப் பிறரினின்று பிரித்துக்காட்ட மாணவருக்கிருந்த வழிகளுள் ஒன்று அடைபட்டது. நான்கு வாரம் நேரில் கண்ட பேராசிரியரின் சொல்லுக்கு முன்னினும் மதிப்பு ஏறியதில் வியப்பில்லை.

நம் நாட்டு மருத்துவப் பாடத்திட்டத்திலும் 2019இல் விருப்பப் பயிற்சி சேர்க்கப்பட்டது. மேற்படிப்பு இடத்தை இங்கே நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணே முடிவு செய்வதால், அந்த வாரங்களில் எத்துறைக்குச் சென்றாலும் மாணவருக்கு இழப்பில்லை.