சுமை இறங்கிய பிறகு: இரட்சணிய யாத்திரிகத்தில் கிறிஸ்துவில் களிகூரல்

நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்துக்கென்று எழுதப்படாத ஓர் ஒழுங்கு உண்டு. காய்ச்சல் தீர்ந்தது, வேலை நிரந்தரமானது, மகளுக்கு நல்ல இடத்தில் வரன் அமைந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் சபையார் ‘அல்லேலூயா’ சொல்கிறார்கள், அடுத்தவர் மைக்கை வாங்கிக்கொள்கிறார். நன்றி சொல்வதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த மகிழ்ச்சிக்குப் பொருள் கிறிஸ்துவா, கைக்கு வந்த காரியமா என்று கேட்டால், சாட்சி சொன்னவருக்கே பதில் சொல்வது கடினம்.

இந்தக் கேள்வியை மிகக் கறாராகக் கேட்டவர் ஜோனதன் எட்வர்ட்ஸ். நியூ இங்கிலாந்தில் எழுந்த எழுப்புதல் அலை தணிந்த பின், அதில் மெய் எது, வெறும் கொந்தளிப்பு எது என்று ஆராய்ந்து 1746இல் ஒரு நூல் வெளியிட்டார். மெய்யான பக்தி உணர்வுக்கு அவர் வகுத்த பன்னிரண்டு அடையாளங்களில் இரண்டாவது இங்கே நமக்கு வேண்டியது: அவ்வுணர்வின் முதல் அடிப்படை தெய்வீகத்தின் சொந்த மேன்மையும் அழகுமே அன்றி, அதனால் நமக்கு விளையும் நன்மை அல்ல. நன்றியுணர்வை அவர் தள்ளிவிடவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்பதே அவர் வாதம். இதைத் தவறவிட்டு, எட்வர்ட்ஸை ஈரமற்ற மனிதராகக் காட்டுவோர் உண்டு; நூலை முழுக்கப் படித்தால் அந்தப் பழி நிற்காது.

எட்வர்ட்ஸின் அளவுகோலை உறவுள்ள இரண்டு நூல்களில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று 1678இல் வெளிவந்த ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம். மற்றது அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை இயற்றி 1894இல் வெளியான இரட்சணிய யாத்திரிகம். பின்னது வெறும் தழுவல் அல்ல, கிறிஸ்துவில் களிகூருதல் என்றால் என்ன என்பதிலேயே அது முதல் நூலிலிருந்து விலகிச் செல்கிறது என்பது என் வாதம்.

பனியனில் சிலுவைக் காட்சி மிகச் சுருக்கமானது. கதைநாயகன் கிறிஸ்தியான் மேடேறுகிறான், சிலுவையைக் கண்டதும் முதுகுச் சுமை அவிழ்ந்து உருண்டு கீழிருக்கும் கல்லறைக்குள் மறைகிறது. அவன் நெடுநேரம் பார்த்து வியக்கிறான், அழுகிறான், பிறகு மூன்று முறை துள்ளிப் பாடிக்கொண்டே போகிறான். உலக இலக்கியத்தில் நிம்மதியை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய பக்கம் அரிது. இருந்தாலும் அந்தக் காட்சியில் சிலுவையில் இருந்தவரை வாசகன் பார்ப்பதே இல்லை. சுமை போன இடத்தைத்தான் பார்க்கிறான். பயணத்தின் கடைசியில், பியூலா நாட்டில், கிறிஸ்தியான் ஏக்கத்தால் நோயுறுகிறான். அங்கே அவன் கூப்பிடுவது நேசரைத்தான். அதைப் பனியனுக்கு நேர்மையாக விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் நோய்க்குக் காரணமாகச் சொல்லப்படுவது, வெயில்பட்டு ஒளிரும் நகரத்தின் மகிமை.

கிருஷ்ணப் பிள்ளை 1827இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, தமிழாசிரியராக இருந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஐந்து பருவங்களில் 3766 பாடல்கள் என விரிந்த காப்பியத்தில், பனியன் வேகமாகக் கடந்த இடத்தில் அவர் நின்றுவிடுகிறார். இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசுவின் பாடுகள் நிகழ்ச்சி நிகழ்ச்சியாக விரிகின்றன. கட்டுண்டு நிற்கும் அவரைக் கண்டு, அவரைப் பிணித்தது கயிறு என்று எண்ணாதீர்கள் என்கிறார் கவிஞர்; பகைத்தவர்களையும் நினைந்து உருகும் அன்பே அவரை அங்கே நிறுத்தியிருக்கிறதாம். முள்முடி, அடி, பழிப்பு, அத்தனைக்கும் நடுவில் அவருடைய மௌனம் என ஒவ்வொன்றிலும் கண் தங்குகிறது. கதையை நகர்த்த இவ்வளவு தேவையில்லை. சுமை இறங்க ஒரு பார்வை போதும் என்று பனியனே காட்டிவிட்டார். இங்கே யாத்திரிகனின் முதுகு மறந்துபோய், கட்டுண்டவரின் பண்பே காட்சியை நிறைக்கிறது. எட்வர்ட்ஸ் முதலில் வைத்த அழகு இதுதான். எட்வர்ட்ஸைக் கிருஷ்ணப் பிள்ளை படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. இறைவனின் திருமேனியை அடிமுதல் முடிவரை நின்று நோக்கும் வழக்கம் ஆழ்வார்கள் வழியாகவே கைக்கு வந்த முதுசொம்.

‘இது அவலம் அல்லவா, இதில் களிப்பு எங்கே?’ என்று ஒருவர் மறுக்கலாம். வலுவான மறுப்புதான். தொல்காப்பியமும் அழுகையையும் உவகையையும் எட்டு மெய்ப்பாடுகளில் தனித்தனியாகவே எண்ணுகிறது. ஆனால் தமிழ்ப் பக்தி மரபு அந்த எல்லையை மதித்ததில்லை. மணிவாசகரின் கண்ணீரைத் துயரம் என்று மட்டும் படித்தவர் எவரும் இல்லை. கிறிஸ்தவத் தமிழிலும் இது கிருஷ்ணப் பிள்ளையோடு தொடங்கவில்லை: தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி ஆண்டவர்மேல் கொண்ட காதலால் ஏங்குகிறாள், குறவஞ்சிக்கே உரிய அந்த ஏக்கம் இன்பத்துக்கு எதிரானது அல்ல, அதன் ஒரு வடிவம். முகமலர்ச்சியை மட்டுமே களிப்பு என்று கொண்டால் இந்த நூல்களோடு பிலிப்பியருக்கு எழுதிய நிருபமும் புரியாமல் போகும். சந்தோஷத்தைப் பற்றி அத்தனை முறை பேசும் அந்த நிருபத்தைப் பவுல் எழுதியபோது காவலில் இருந்தார்.

இன்னொரு சான்று நூலின் அமைப்பிலேயே இருக்கிறது. காப்பியத்தின் இடையிடையே தேவாரம் என்ற பெயரில் துதிப்பாடல்கள் வருகின்றன. கதைக்காக மட்டும் வாசிப்பவர் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம். யாத்திரை ஓர் அடிகூடக் குறையாது. பனியனிலும் பாட்டுகள் உண்டு. அவற்றில் பல நடந்ததற்குப் பொருள் சொல்கின்றன, வழியில் கற்ற பாடத்தைச் சுருக்கித் தருகின்றன. தமிழ்க் காப்பியத்தில் துதி வரும்போது பயணமே நின்றுபோகிறது. கிறிஸ்தவக் கோட்பாட்டைப் பற்றிய தம் நூலின் முதல் பகுதியில், ஒன்றை வேறொன்றுக்காகப் பயன்படுத்துவதையும் அதற்காகவே அதைத் துய்ப்பதையும் வேறுபடுத்திய அகுஸ்தீன், வழிப்போக்கரையே உதாரணமாக எடுத்தார்: தாய்நாடு திரும்ப வேண்டியவர்கள் வண்டியின் சுகத்திலும் வழியின் அழகிலும் மயங்கிவிடக் கூடாது. கிருஷ்ணப் பிள்ளையின் யாத்திரிகன் வழியில் நின்றுதான் பாடுகிறான். ஆனால் அவன் பாடுவது வழியை அல்ல. போய்ச் சேர வேண்டியவரை, போய்ச் சேரும் முன்பே.