இணைய வானொலி இடையறுவது ஏன்?



கனடாவில் வாழும் என் தமையனார் நாள்தோறும் இணையத்தின் வழியே ஊர் வானொலியைக் கேட்பவர். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு நாள் மரண அறிவித்தல் ஒலித்துக்கொண்டிருந்தது. ஊரின் பெயர் கேட்டது. ஆளின் பெயர் வருமுன் குரல் நின்றுவிட்டது. அவர் பதறி, வானொலியை மூடித் திறந்தார். குரல் மீண்டது, ஆனால் அறிவித்தல் முடிந்திருந்தது. இறந்தவர் தம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த தோழர் என்பதை அந்தியேட்டி கழிந்த பின்னரே அறிந்தார். “பழைய றேடியோ இரைந்தாலும் நில்லாது பேசிற்று, இது ஏன் நிற்கிறது?” என்று என்னைக் கேட்டார். அவ்வினாவிற்கு வரலாறு தரும் விடையையே இன்று கூற விழைகின்றேன்.

சிற்றலை ஒலிபரப்பில் குரல் வானொலி அலையில் ஏறி, உயரேயுள்ள அயன மண்டலத்திற் பட்டுத் திரும்பி நம்மை அடைகிறது. அம்மண்டலத்தின் நிலை மாறுந்தோறும் ஒலி தேயும், பின் வளரும். தேய்ந்த வேளையிற் போன சொல் போனதுதான்.

இணையத்தின் இயல்பு வேறு. 1960களில் அமெரிக்காவிற் போல் பாரனும் பிரித்தானியாவில் டொனால்ட் டேவிசும் தனித்தனியே ஒரு முறையை வகுத்தனர். செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பி, சேருமிடத்தில் ஒன்றுகூட்டுவதே அம்முறை. எழுத்துச் செய்தி சற்றுத் தாமதித்தாலும் குறையில்லை. குரலோ தாமதத்தைப் பொறாது. 1974இல் ஆர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலையமைப்பிற் குரலை அனுப்பிப் பரிசோதித்த டனி கோஹன் போன்றோர் இதனை நன்குணர்ந்தனர். இத்தகைய தேவைகளின் பயனாக இரு வழிகள் பிறந்தன. ஒன்று, தவறிய பொதியை மீண்டும் கேட்டுப் பெறுவது. மற்றையது, 1980இல் வகுக்கப்பட்டது, தவறியதை விட்டு மேற்செல்வது.

இன்றைய இணைய வானொலிகளுட் பெரும்பாலானவை முதல் வழியிலேயே வருகின்றன. ஒரு பொதி தவறினால், அது வந்து சேரும்வரை பின்வந்தவை காத்து நிற்கும். தமையனாரின் வினாவிற்கு விடை இதுவே. சிற்றலை சொல்லை இழந்து காலத்தைக் காத்தது. இணைய வானொலி காலத்தை இழந்து சொல்லைக் காக்கிறது.

1994 நவம்பர் 7ஆந் திகதி அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழக மாணவர் வானொலி தன் ஒலிபரப்பை இணையத்தில் விட்டது. மறு ஆண்டு றியல் ஓடியோ என்னும் செயலி வெளிவந்தது. நொடிக்கு 14,400 பிட்டுகளே செல்லும் தொலைபேசி இணைப்பிலும் அது குரலைக் கேட்பித்தது. அத்தகைய செயலிகள் சில நொடிகளுக்கான ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்கின்றன. வாய்க்காலில் நீர் வரத்துக் குன்றினாலும், குளத்து நீர் வயலைக் காப்பதுபோல் அச்சேமிப்பு நம்மைக் காக்கிறது. குளம் வற்றும்போதே குரல் நிற்கிறது.

வரத்து ஏன் குன்றுகிறது? 1986 ஒக்டோபரிற் கலிபோர்னியாவில், ஏறக்குறைய 400 யார் இடைவெளியிலிருந்த இரு நிலையங்களுக்கிடையே, நொடிக்கு 32,000 பிட்டுகளாயிருந்த வேகம் 40 பிட்டுகளாக வீழ்ந்தது. கம்பி அறவில்லை. மறுமொழி தாமதித்ததும் கணினிகள் அனுப்பியதையே மீண்டும் மீண்டும் அனுப்பிப் பாதையை அடைத்துவிட்டன. நெரிசலைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, வழி திறந்தபின் படிப்படியாகக் கூட்டும் முறையை வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்டார். இணையம் பிழைத்தது பொறுமையினால் எனலாம்.

2010இல் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியியலாளர் தம் இல்லத்து இணைப்பிலேயே வேறொரு குறையைக் கண்டார். வழியிலுள்ள கருவிகள் பொதிகளை அளவுக்கு மீறித் தேக்கி வைத்ததால், பெரிய கோப்பு ஒன்று செல்லும்போது ஏனையவையெல்லாம் அதன்பின் காத்துக் கிடந்தன. கேட்பவரிடத்திலுள்ள குளம் நன்மை. பாதை நடுவே தேங்கும் குளம் தீமை.

ஆதலால், குரல் அறும்போது குறை எங்கேயென ஒழுங்காகத் தேடல் வேண்டும். முதலில் வேறொரு நிலையத்தைக் கேட்டுப் பாருங்கள். அது தடையின்றி ஒலித்தால், குறை பெரும்பாலும் முதல் நிலையத்திலோ அதற்கான வழியிலோ உள்ளது. அதுவும் அறுந்தால், றவுட்டரின் அருகே சென்று கேளுங்கள். அங்கே சீரானால், இடைச் சுவர்களும் தூரமுமே காரணம். அங்கும் அறுமாயின், வீட்டில் எவரேனும் பெரிய காணொளியை அனுப்புகின்றாரா, இறக்குகின்றாரா என வினவுங்கள். அதுவும் இல்லையெனில், குறைந்த பிட் வீத ஒலியைத் தெரிவு செய்யுங்கள். 128 கிலோபிட் ஒலிக்கு மணிக்கு ஏறக்குறைய 58 மெகாபைற்று வேண்டும். 32 கிலோபிட்டுக்கு அதன் காற்பங்கே போதும். பேச்சைக் கேட்க அது பெரிதும் உதவும்.

இவற்றுக்கெல்லாம் முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு: சற்றுப் பொறுத்தல். தடை சிறிதாயின், நின்ற இடத்திலிருந்தே குரல் பெரும்பாலும் தொடரும். மூடித் திறந்தாலோ, சேமிப்பிலிருந்ததும் வழியில் வந்ததும் கைவிடப்பட்டு, நிலையம் அப்போது பேசுவதே கேட்கும். என் தமையனார் தேடிய பெயர் வழியில் வந்துகொண்டிருந்திருக்கலாம். 1986இற் கணினிகள் கற்ற பாடத்தை அவர் அன்று கற்றார். இப்போது குரல் நின்றால், கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கின்றார்.