முள்வேலிக்குள் ஒரு மண்டபம்

வலி தாங்க முடியாதபோது "கண்ணை மூடி நல்லதா ஏதாவது நினைச்சுக்கோ" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பல்வலிக்கே அது பலிக்குமா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் ஒருவர் அதை நாஜி வதைமுகாமிலேயே செய்து பார்த்திருக்கிறார்!

அவர் விக்டர் பிராங்கல். 1905-ல் வியன்னாவில் பிறந்த யூதர், மனநல மருத்துவர். 1941-ல் டில்லியை மணந்தார். அடுத்த ஆண்டே குடும்பத்தோடு தெரசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். தந்தை அங்கேயே இறந்தார். 1944 அக்டோபரில் ஆஷ்விட்ஸ் கொண்டு செல்லப்பட்டார். அங்கே கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டார்கள்.

ஒரு விடியற்காலை. கொட்டும் குளிரில் கைதிகள் வேலைக்கு நடத்திச் செல்லப்படுகிறார்கள். பக்கத்தில் வந்தவர் தங்கள் மனைவிகளைப் பற்றி ஏதோ முணுமுணுக்க, பிராங்கலின் மனதில் டில்லியின் முகம் எழுந்தது. அவர் பேசினார், அவள் பதில் சொன்னாள், சிரித்தாள். அவள் உயிரோடு இருக்கிறாளா என்பதே அவருக்குத் தெரியாது.

இன்னொரு நாள் காலெல்லாம் புண். நொண்டிக்கொண்டே சில கிலோமீட்டர் நடை. இன்றைக்கு என்ன சாப்பாடு, அறுந்த ஷூ லேஸுக்கு என்ன செய்வது என்ற கவலைகளே மண்டைக்குள் ஓடின. சலித்துப்போய் வேறொரு காட்சியை வரவழைத்தார். வெளிச்சமான, கதகதப்பான ஒரு மண்டபம். மேடையில் அவர். பேசும் தலைப்பு, வதைமுகாமின் உளவியல்! வலி போய்விடவில்லை. ஆனால் அது ஆராய வேண்டிய ஒரு பொருளாக மாறி, சற்றுத் தள்ளி நின்றது.

எல்லாக் கற்பனையும் காப்பாற்றுமா? முகாமில் இன்னொரு கைதி, மார்ச் 30 அன்று விடுதலை என்று கனவு கண்டார். முழுக்க நம்பினார். நாள் நெருங்கியும் எதுவும் நடக்கவில்லை. 29-ம் தேதி காய்ச்சலில் விழுந்தார், 31-ம் தேதி இறந்தார். டைபஸ் என்றது மருத்துவம். நம்பிக்கை உடைந்ததில் உடலின் எதிர்ப்புச் சக்தியும் உடைந்தது என்றார் பிராங்கல்.

வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. ஒருவரின் கனவு வெளியே ஒன்று நடந்தால்தான் நிற்கும். மற்றவரின் காட்சிக்கு எந்தத் தேதியும் தேவைப்படவில்லை.

1945 ஏப்ரலில் விடுதலை வந்தது. வியன்னா திரும்பிய பிறகுதான் டில்லி பெர்கன்-பெல்சனில் இறந்துபோனது அவருக்குத் தெரிந்தது. ஒன்பதே நாளில் அவர் சொல்லி எழுதவைத்த முகாம் அனுபவம் 1946-ல் புத்தகமாக வந்தது. 1997-ல் இறக்கும்வரை உலகின் பல மேடைகளில் பேசினார்.

மண்டபம் நிஜமானது. டில்லி வரவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தைக் கடக்க இரண்டுமே துணை நின்றன.