இட் ஆல்வேஸ் ரெயின்ஸ் ஆன் சண்டே (1947)

ராபர்ட் ஹேமர் இயக்கத்தில் 1947 நவம்பரில் வெளிவந்த பிரிட்டிஷ் குற்றப்படம். ஆர்தர் லா பெர்னின் நாவலைத் தழுவி, மைக்கேல் பால்கன் தலைமையில் இயங்கிய ஈலிங் ஸ்டூடியோ தயாரித்தது. போர் முடிந்து இரண்டாண்டுகூட நிறையாத காலத்தில், கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில், ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை முடிந்துவிடுகிறது. டார்ட்மூர் சிறையிலிருந்து தப்பிய டாமி ஸ்வான் (ஜான் மெக்கல்லம்), பழைய காதலி ரோஸின் வீட்டுக் கொல்லையில் போர்க்காலத்தில் அமைத்த பதுங்கிடத்தில் ஒளிகிறான். ரோஸ் (கூகி விதர்ஸ்) இப்போது வயதில் மூத்த ஜார்ஜின் இரண்டாம் தாரம்; வீட்டில் மூத்த தாரத்துப் பெண்கள் இருவர், தன் மகன் ஒருவன். இருட்டும்வரை டாமியைப் படுக்கையறையில் பூட்டி வைக்கிறாள்.

வெளிவந்தபோது நன்றாகவே ஓடிய இந்தப் படம் பிறகு பின்னுக்குப் போனதற்கு ஈலிங்கின் புகழே ஒரு காரணம். 1949இல் வந்த நகைச்சுவைப் படங்களோடு ஈலிங் என்றாலே சிரிப்பு என்றாகிவிட்டது. அவற்றுள் ஒன்றான ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ ஹேமருடையதே. பிரிட்டிஷ் நுவார் (இருள் தோய்ந்த குற்றப்பட வகை) என்ற பேச்சு எழுந்தால், அதே ஆண்டின் ‘தி தர்ட் மேன்’ முன்னால் வந்து நின்றுவிடும். போதாக்குறைக்கு, இது குற்றத்தை ஒட்டவைத்த குடும்பக் கதைதான் என்றொரு வாதமும் உண்டு. துரத்தல் கடைசியில், ரயில் யார்டில்தான் வருகிறது என்பது மெய்யே. ஆனால் நுவாரின் உயிர் துப்பாக்கியில் இல்லை, தப்ப வழியற்ற நிலையில் இருக்கிறது. அந்த நிலையை ஹேமர் அடுப்படிக்குள் கொண்டுவருகிறார். அறைச் சாவி, மதியச் சாப்பாடு, வேளை தெரியாமல் வீட்டுக்குள் வந்துபோகும் பிள்ளைகள் என எல்லாமே காட்டிக்கொடுக்கக் காத்திருக்கின்றன. போர்க்காலத்தில்கூட இல்லாத ரொட்டிப் பங்கீடு 1946 முதல் 1948 வரை பிரிட்டனில் இருந்தது. அந்த வறட்சியில் ஒரு வாய் உணவை மறைத்துக் கொடுப்பதே குற்றத்தின் கனத்தைப் பெறுகிறது. டாமியின் முதுகில் கசையடித் தழும்புகள். நீதிமன்றங்கள் கசையடி விதிப்பதை பிரிட்டன் நிறுத்தியது படம் வந்ததற்கு அடுத்த ஆண்டில்தான். செலவுக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று ரோஸ் நீட்டும் மோதிரம், முன்பு அவனே அவளுக்குக் கொடுத்தது. அவனுக்கு அது அடையாளம் தெரியவில்லை. அவள் காத்த காதலின் விலை என்னவென்று அந்த ஒரு கணம் சொல்லிவிடுகிறது. விதர்ஸ் அதை முகத்திலேயே முடித்துவிடுகிறார்.

கிளைக்கதைகள் படத்தைச் சிதறடிக்கின்றன என்பது இன்னொரு குறை. திருடிய ரோலர் ஸ்கேட்டுகளை விற்க வழியின்றி அலையும் மூன்று சில்லறைத் திருடர்கள், மணமான இசைக்காரன் பின்னால் திரியும் மூத்த மகள் வை ஆகியோரின் கதைகள் சற்று நீளம்தான். ஆனால் அந்தத் தெருவிலிருந்து வெளியேறத் தெரியும் வழிகள் ஒவ்வொன்றும் பொய்யென்று காட்டுபவை அவையே. அவை இல்லாவிட்டால் ரோஸின் சிக்கல் அவளது தனிப்பட்ட துரதிர்ஷ்டமாகச் சுருங்கியிருக்கும். டக்ளஸ் ஸ்லோகோம்பின் ஒளிப்பதிவும், சந்தையையும் மழை நனைத்த செங்கல் வீடுகளையும் ஒரே சாம்பல் நிறத்தில் பிணைக்கிறது.

முடிவைப் பற்றிய ஆட்சேபம்தான் வலுவானது: டாமி பிடிபடுகிறான், எரிவாயுவைத் திறந்து சாக முயன்ற ரோஸ் பிழைக்கிறாள், கணவன் மன்னிக்கிறான். ஒழுக்கத்துக்குக் கட்டிய கப்பம் இது என்பார்கள். ஓரளவு அப்படித்தான். ஆயினும் ஜார்ஜின் மன்னிப்பு அவளை விடுவிக்கவில்லை, அதே வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறது. தண்டனையைவிட அது கடுமையானது. மீட்டெடுத்த பிரதி 2012இல் பிரிட்டிஷ் திரையரங்குகளுக்கு மறுபடி வந்தது.